பூட்டிய வீடுகளையும் எண்ணச் சொன்னவர்

தவமணி அக்கா கொழும்பில் மகள் வீட்டில் காலமானார் என்ற செய்தி வந்தபோது நான் சாட்டிக் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு நின்றேன். அந்த மகள்தான் அழைத்தார். “அம்மா இண்டைக்குக் காலமை போயிட்டா அண்ணை. ஊருக்கு நீங்கள்தான் சொல்லவேணும்.”

எங்கள் ஊரான நாரந்தனையில் அவரை அறியாதவர் இல்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கணவரோடு தெற்கே காலி நகரில் பலசரக்குக் கடை நடத்தியவர். கணவருக்குப் பின் ஊர் திரும்பி, எங்கள் அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியானார். நான் செயலாளர்.

கஸ்தூரி என்ற பெண் கொழும்பு நிறுவனமொன்றுக்கு இணையத்தில் கணக்கு வேலை செய்துவந்தாள். ஊரில் இணையம் சரியில்லாததால், பாரிசவாதத்தில் படுத்திருந்த தகப்பனை அயலவரிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இருந்தாள். அது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கு ஃபைபர் இணைய இணைப்புக் கேட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கிருந்த பொறியியலாளர் பணிவாகத்தான் மறுத்தார். “உங்கடை ஊரிலை வீட்டுக்கு வீடு தூரம் அம்மா. இதே கேபிளை யாழ்ப்பாண ரவுணிலை இழுத்தால் தெரு முழுக்க இணைப்புக் குடுக்கலாம். உங்களுக்குப் போட்டால் போட்ட காசு திரும்பி வராது.”

நான் சண்டைக்கு வாயெடுத்தேன். அக்கா கையமர்த்தினார். “உம்முடைய கணக்குச் சரி தம்பி. ஆனால் நீர் ஆளிருக்கிற வீட்டை மட்டும்தானே எண்ணினனீர்? பூட்டிக் கிடக்கிற வீடுகளையும் எண்ணும். அதுக்கு நான் சம்மதம் வாங்கித் தாறன்.”

அன்றிலிருந்து, பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்கள் இருக்கும் வெளிநாட்டுக்கெல்லாம் தொலைபேசிதான். “ஆளில்லாத வீட்டுக்கு இணையம் எதுக்கு அக்கா?” என்று கனடாவிலிருந்து ஒருவர் கேட்டார்.

“கமராவைப் பொருத்தினால் வீடு வளவை அங்கையிருந்தே பார்க்கலாம். வந்து நிண்டால் உன்ரை வேலையையும் இஞ்சையிருந்தே செய்யலாம். லீவு முடியுதெண்டு ஓடத் தேவையில்லை.”

அவர் சம்மதித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சம்மதித்தார்கள். பொறியியலாளரும் தன் பங்குக்கு, புதுக் கம்பங்கள் நடாமல் மின்கம்பங்களிலேயே கேபிளைக் கொண்டுவர அனுமதி எடுத்துச் செலவைக் குறைத்தார். கணக்குக் கட்டுப்படியானது.

கேபிள் வந்தது. கஸ்தூரி வீடு திரும்பினாள். தகப்பனின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு வேலை செய்தாள். கனடாக்காரர் குடும்பத்தோடு வந்து தைப்பொங்கலும் தாண்டி நின்றார். ஒருநாள் அந்தப் பொறியியலாளரே அக்காவின் வாசலில் வந்து நின்றார். “அடுத்த ஊர்ச் சனத்தோடையும் ஒருக்காக் கதைச்சுத் தருவியளோ அம்மா?”

“ஓம், வாரும்” என்று அக்கா அப்போதே செருப்பை மாட்டினார்.

மறுக்கிறவரின் கணக்கை முதலில் சரியென்று ஒப்புக்கொண்டு, பிறகு அதில் விடுபட்டதைத் தேடும் அந்தப் பழக்கத்தைத்தான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். இப்போது தங்கள் தீவுக்கும் இணைப்புக் கேட்டுத்தரச் சொல்லி நெடுந்தீவுச் சங்கத்தார் அழைத்திருக்கிறார்கள். நடுவில் கடல் கிடக்கிறது. அடுத்த கிழமை படகேறுகிறேன்.