எட்டு எழுத்தில் நின்ற நீர்வேலி

கல்வியங்காட்டைத் தாண்டும்போது உரப்பையைத் தோள் மாற்றினேன். பைக்குள் இருந்தவை விண்ணப்பப் படிவங்கள். நீர்வேலி வடக்கில் ஷெல் விழுந்து கூரை போன குடும்பங்கள், தகரம் கேட்டுக் கையால் எழுதிக் கொடுத்தவை. நான் வேலை செய்த நிவாரண அலுவலகத்திலிருந்து அவற்றைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். திருட்டு என்று சொல்பவர்கள் சொல்லட்டும் என்றிருந்தது. கோப்பாயில் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். மயிலிட்டியில் மீன்பெட்டி தூக்கினேன். பிறகு டவுனில் டியூஷன் நடக்கும் ஒரு டியூட்டரியைக் கூட்டித் துடைத்தேன். அங்கிருந்த கம்பியூட்டரில் ஆளில்லாத நேரம் தட்டிப் பழகியதுதான் என் தகுதி. அதை வைத்து அந்த அலுவலகத்தில் பெயர்ப்பட்டியல் தட்டும் வேலை கிடைத்தது.

இப்போது ஃபோல்டர் என்கிறார்கள், அன்று டிரெக்டரி. பட்டியல்களைப் பிரிவு பிரிவாகக் கம்பியூட்டருக்குள் போட்டு வைக்கும் அறை. அதற்குப் பெயர் வைக்கும் முறையைப் பொறுப்பாளர் வகுத்திருந்தார். அரச கடிதங்களில் உள்ளதுபோல, ஆங்கிலத்தில், முதலில் ஊர், ஒட்டினாற்போல் திசை. உள்ளே இருக்கும் பட்டியலுக்கு எல்லா அறையிலும் ஒரே பெயர், லிஸ்ட்.

நீர்வேலி வடக்கை அவரே திறந்து வைத்திருந்தார். வடக்கின் பட்டியலை அதில் போட்டுவிட்டுப் படிவங்களைக் கட்டி மூலையில் வைத்தேன். அடுத்த கிழமை தெற்குக்கு அறை திறக்கப் போனால் மெசின் மறுத்தது.

“சேர், தெற்குக்கு டிரெக்டரி செய்ய விடுகுதில்லை.”

“முதலே செய்திருப்பன் ஐசே. உள்ளுக்குப் போய்ப் பாரும்.”

நீர்வேலி தெற்கு என்று முழுப்பெயரையும் தட்டினேன். திறந்தது.

“ஓம் சேர், இருக்குது.”

“பிறகென்ன? போடும்.”

போட்டேன்.

அந்த மெசின் ஒரு பெயரில் எட்டு எழுத்துக்கு மேல் பார்ப்பதில்லை. மீதியை வெட்டிவிடும். வெட்டியதைச் சொல்லவும் மாட்டாது. ஆங்கிலத்தில் நீர்வேலிக்குச் சரியாக எட்டு எழுத்து. வடக்கும் தெற்கும் அதன் கண்ணில் ஒரே அறை. தெற்கின் பட்டியல் வடக்கின் பட்டியலை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஒரே பிளொப்பியையும் நாங்கள் அழித்து அழித்துப் பாவித்ததால் வேறு பிரதி இல்லை. அரியாலைக்கும் எட்டு எழுத்துத்தான், ஆனால் அதில் ஒரு பிரிவே வந்திருந்தது. ஏழெழுத்து மயிலிட்டி தப்பிக்கொண்டது.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் பட்டியல் போகவேண்டிய நாளில் அச்செடுத்தபோதுதான் இது தெரிந்தது. வடக்கு என்று எடுத்தாலும் தெற்கின் ஆட்களே வந்தார்கள்.

“ரெண்டு நாள் தாங்கோ சேர், திரும்பத் தட்டுறன். திசையை முதல்லை போட்டால் பிழை வராது.”

“கச்சேரிக்கு அறிவிச்ச முறையை மாத்தேலாது. நீர்வேலி வடக்கிலை ஒருத்தரும் விண்ணப்பிக்கேல்லை எண்டு ஒரு கடிதம் தட்டும்.”

“அவை விண்ணப்பிச்சவை. படிவம் உந்த மூலையிலை கிடக்கு.”

“நீர் எவ்வளவு படிச்சனீர்?”

“ஒன்பது சேர். எட்டு வரைக்கும் எண்ணத் தெரியும்.”

“நாளைக்கு வரவேண்டாம்.”

“இண்டைக்கே போறன்.”

பிழையில் என் கையும் உண்டு. அந்தக் கடிதத்தில் அந்தக் கை படாது என்று முடிவெடுத்தேன். அவர் தானே கடிதம் தட்ட உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்துத் தேடுகிறவர். படிவங்களைப் பைக்குள் போட அந்த நேரம் போதும்.

நீர்வேலியில், முதல் படிவத்தில் இருந்த ஆளை விசாரித்துப் போனேன். வாழைத்தோட்டக்காரர். கூரைக்குப் பொலித்தீன் கட்டியிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

“அப்ப நாங்கள் கேக்கவே இல்லை எண்டோ கச்சேரிக்குப் போகுது?”

“ஓம் அண்ணை.”

“உது மெசின் செய்ததோ, மனிசர் செய்ததோ?”

“வெட்டினது மெசின். மறைக்கிறது மனிசர். உள்ளுக்குப் போட்டது நான்.”

அவர் சிரித்தார். “உண்மை கதைக்கிற கள்ளன். இருந்து சாப்பிடு. விடிய நாங்கள் நாலுபேர் படிவத்தோடை கச்சேரிக்குப் போறம்.”

“நாளைக்குக் குலை வெட்டுற நாள்,” என்றார் அவர் மனைவி. “லொறி வந்து நிக்கும். ஆர் ஏத்துறது?”

“உந்தப் பையைச் சுமந்தவன் ஏத்தட்டும்.”

விடியப் பையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நாலுபேரும் போனார்கள். கச்சேரியில் படிவங்களை எண்ணி வாங்கிப் பதிந்துகொண்டது எனக்கு மாலையில்தான் தெரியும். காலையில் எனக்கு இருந்தது குலைகள். எந்தத் தோட்டத்துக் குலை என்று தண்டில் சுண்ணாம்பால் எழுதவேண்டும். முதலில் சொந்தக்காரர் பெயர், பிறகு வடக்கோ தெற்கோ என்பது வழக்கம். நான் திசையை முதலில் எழுதினேன்.

“ஏன் தம்பி மாத்தி எழுதுறாய்?” என்றார் தோட்டக்காரரின் மனைவி.

“நுனியை வெட்டினாலும் இது நிக்கும் அக்கா,” என்று குலையைத் தோளில் வைத்தேன்.