மூன்று பெரிய மோட்டார்கள்

கட்டாரில் ஒரு பட்டறையில் ஏழு வருடம் இரும்பு செதுக்கும் மில்லிங் மெசின் ஓட்டிவிட்டு வந்தவன் நான். இனி ஊரிலேயே பிழைக்க வேண்டும் என்ற ஆசையில், பாலாவியில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில், கம்பியூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் மெசின் ஒன்றை நானே கட்டத் தொடங்கினேன். கதவுகளில் பூ வேலை செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்த தச்சு ஓடாவி ஒருவர், மாதிரிக்கு ஒரு பலகை கேட்டிருந்தார். மனைவியோடு பேச்சு இதுதான்: திரும்பவும் கட்டார் போக ஏஜென்டிடம் கேட்டிருந்த புது விசா வந்து, அதற்குப் பதில் சொல்லும் நாளுக்குள் அந்தப் பலகை சரியாக வந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் சூட்கேஸைத் தூக்குவேன். மகளுக்கு நாலு வயது. அதில் நான் கூட இருந்ததை எல்லாம் சேர்த்தால் ஐந்து மாதம் வரும்.

மெசினை நகர்த்துபவை ஸ்டெப்பர் மோட்டார்கள். இவை சாதாரண மோட்டார் மாதிரி சும்மா சுழன்றுகொண்டு போவதில்லை. கம்பியூட்டர் சொல்லும் எண்ணிக்கைக்கு அடி அடியாக நகரும். ஓர் அடி தவறினாலும் பூ கோணலாகிவிடும். முதலில் நான் வாங்கியவை கைக்குள் அடங்கும் மூன்று மோட்டார்கள். மாம்புரியில் தோணி வைத்திருக்கும் என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"எத்தின குதிர, மருமகன்?"

"இதுக்குக் குதிரக் கணக்கு இல்ல மாமா."

"குதிர இல்லாத மோட்டரா? புள்ளைக்கு வெளயாடக் குடுங்க."

எங்கள் கரையில் இது ஒரு வியாதி. பக்கத்துத் தோணிக்காரன் பதினைந்து குதிரைவலு எஞ்சின் பூட்டினால் இவனுக்கு இருபத்தைந்து வேண்டும். உடனே அவன் நாற்பதுக்குப் போவான். பிடிபடுகிற மீன் என்னவோ அதேதான். இதைச் சொல்லிச் சிரிக்கிறவன் நான். ஆனாலும் மாமாவின் நக்கல் உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன மூன்றையும் அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, பலம் அதிகம் என்று போட்டிருந்த, அம்மிக் குழவி கனத்தில் மூன்றை வரவழைத்துப் பூட்டினேன். மாமா தட்டிப் பார்த்து, "இதுதான் மோட்டர்" என்றார். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் பலகையில் வட்டம் முட்டை மாதிரி வந்தது. இரண்டாவதில் ஓர் இதழ் அடுத்த இதழின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஆணிகளை இறுக்கினேன், வயரை மாற்றினேன், ரோட்டில் போகிற உப்பு லொறிகளின் அதிர்வு என்று பழி போட்டேன். அந்தக் கிழமையே விசா வந்துவிட்டதாக ஏஜென்ட் அழைத்தார். பத்து நாளில் பதில் வேண்டுமாம். மனைவி கட்டிலுக்கடியில் கிடந்த சூட்கேஸை இழுத்துத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மூன்றாவது பலகையை ஓடவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி நின்று பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, மெதுவாப் போறப்ப ஒழுங்காத்தானே போகுது? வேகமா ஓடத் தொடங்கினாத்தான் உறுமிட்டு நிக்குது."

மோட்டாரோடு வந்த காகிதத்தைத் தேடி எடுத்தேன். நான் மயங்கிய பலம், மோட்டார் அசையாமல் நிற்கும்போது தாங்கும் பலம். ஓடும்போது அதில் எவ்வளவு மிஞ்சும் என்று கீழே ஒரு கோடு கீறியிருந்தது. என்னிடம் இருந்த பவர் சப்ளைக்கு, வேகம் கூடக்கூடப் பெரியதன் கோடு சரசரவென்று விழுந்தது. சின்னதன் கோடு மெல்லத்தான் இறங்கியது. நங்கூரத்தின் கனத்தைப் பார்த்து எஞ்சின் வாங்கியிருக்கிறேன்! மாமாவின் ஒரு நக்கலுக்கு ஏழு வருட அனுபவத்தை அடகு வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. பிழை பிடிபட்டதில் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

சின்ன மூன்றையும் எடுத்துப் பூட்ட இரண்டு நாள் போனது. மகளின் சோற்றுக் கோப்பை அளவில் வட்டத்தை வைத்திருந்தேன். ஓடி முடிந்ததும் மனைவி தூளை ஊதிவிட்டு, கோப்பையை அதன்மேல் கவிழ்த்தாள். சுற்றிவர எங்கும் இடைவெளி இல்லை. "மாஷா அல்லாஹ்" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓடாவி இதழ்களை விரலால் தடவிப் பார்த்து, "நாலு கதவு இருக்கு, எப்ப தொடங்குவீங்க?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்து, "பெரிய மோட்டர் எங்க?" என்று கேட்டார்.

"கட்டாருக்குப் போற சூட்கேஸ்ல இருக்கு வாப்பா" என்றாள் என் மனைவி. "தூக்கிப் பாருங்க."

மாமா குனிந்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. எதையும் திருத்தாமல் விடாதவன் நான். அதை மட்டும் இன்னும் திருத்தவில்லை.