துடக்கு வீட்டில் கொடுத்த அழைப்பாணை

நீதிமன்ற அழைப்பாணைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது முப்பத்திரண்டு வருடங்கள் என் வேலை. தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. தவணை எந்த நாள், வராவிட்டால் என்ன நடக்கும், வந்து தன் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஒரேயொரு வீட்டில் மூன்றையும் சொல்லாமல் வந்தேன்.

கொக்குவிலில் ஒரு வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டு அம்மாவின் புருஷன் செத்து ஐந்தாம் நாள். வெளிநாட்டிலிருந்த, செத்தவரின் தமையன், வீட்டை விட்டு எழும்பச் சொல்லி அந்த அம்மாமீது வழக்குப் போட்டிருந்தார். வாசல் படலையிலிருந்து பதினெட்டு அடி நடந்து, செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் ஏறினேன். ஒன்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூசியது. அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். செத்த வீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லி விடைபெறக்கூடாது. சும்மா திரும்பவும் மனம் வரவில்லை.

“ஆறுதலாப் பாருங்கோ அம்மா” என்றேன், அவசரமில்லை, மெதுவாகப் பார்க்கலாம் என்பதுபோல.

அவர் தாளைப் பிரிக்காமல் புருஷனின் படத்துக்குக் கீழே வைத்தார். சாவுத் துடக்குக் கழியும் அந்தியேட்டிச் சடங்கு முப்பத்தோராம் நாள்; அதுவரை அவர் வெளியே போகமாட்டார். தவணையோ இருபத்தாறாம் நாள். படலையைத் தாண்டியதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணிய பிறகும் திரும்பிப் போகவில்லை.

அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கித் தன்னையும் விசாரிக்கும்படி அவர் மனுப் போட்டபோது, என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் மடியில் ஒரு ஷொப்பிங் பாக். வீடு உங்களுக்குத்தான் என்று தமையன் முன்பு எழுதிய கடிதம் அதற்குள் இருந்தது.

“உந்த ஐயாதான் ஆறுதலாப் பாக்கச் சொன்னவர்” என்று அவர் தன் சாட்சியத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

“எல்லாத்தையும் விளங்கப்படுத்தினீரா?” என்று தமையனின் சட்டத்தரணி கேட்டார்.

என் ஓய்வுக்கு நாலு மாதமும் பதினொரு நாளும் இருந்தன.

“ஓம்” என்றேன்.

மனு தள்ளுபடியானது. அந்தக் கடிதத்தை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

நீதிமன்றத்தின் வெளி விறாந்தையில் அந்த அம்மாவின் தங்கை என்னை மறித்தார். “போட்டிருக்கிற வெள்ளைச் சேட்டைப் பார், வாயைப் பார்! உவர் சோறுதான் தின்னுறவரோ?”

“விடடி” என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். “அண்டைக்கு நீங்கள் செருப்பைக் கழட்டிப்போட்டெல்லோ உள்ளை வந்தனீங்கள். அரசாங்கக் கந்தோர்க்காரர் ஒருத்தரும் அப்பிடி வாறேல்லை ஐயா.”

உள்ளே அடுத்த வழக்கைக் கூப்பிடுவது கேட்டது. நீதிபதி இன்னும் எழும்பவில்லை. திரும்பிப் போய் உண்மையைச் சொல்ல நாற்பது அடிதான். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.