மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தேன்

இதை எழுத உட்கார்ந்து எழுந்துபோனது எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது. மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு சொல்லும் வராமல் மூடி வைத்திருக்கிறேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன் நான். ஆனால் தயக்கத்துக்குப் படிப்புக் காரணமில்லை. நான் கூட்டிக்கொண்டு போன ஒரு மனுஷர் நமுனுகுல மலையில் இறந்துபோனார். இறக்கும் முன் என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அவருடைய மனைவி கேட்டபோது, அவர் கூப்பிடவே இல்லை என்று பொய் சொன்னேன். அந்த அம்மா உயிரோடு இருந்தவரை இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. போன வருஷம் அவரும் போய்விட்டார்.

எழுபதுகளில் பதுளை டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்கு வேலை. முதலில் படுக்கை விரித்தேன், தண்ணீர் சுடவைத்தேன். பிறகு வெள்ளைக்காரர்கள் ரயில் கோச்சியில் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். மலையைப் பார்க்க வேண்டும், நடக்க வேண்டும், சைக்கிள் ஓட்ட வேண்டும் என்றார்கள். நமக்கு நடை என்றால் வேலை. அவர்களுக்கு அது விடுமுறை. தோட்டத்தில் பிறந்தவன், குறுக்குப் பாதை எல்லாம் அறிந்தவன், கொஞ்சம் இங்கிலீசும் பேசுவான் என்பதால் முதலாளி என்னையே அவர்களோடு அனுப்பினார். ஒருநாள் அருவி, ஒருநாள் அப்புத்தளைப் பக்கம், கடைசி நாள் நமுனுகுல. கடைசி நாளில் தோட்டத்து ரோட்டில் சைக்கிளிலேயே போய், தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் மேல் லயத்தில் சைக்கிள்களை விட்டுவிட்டு நடந்து ஏறுவோம்.

சைக்கிள் கொடுப்பவர் பஜாரில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. எதையும் கேலியாகத்தான் சொல்லுவார். அந்த மனுஷர் இறந்த அன்றைக்கும் காலையில் என் கையில் ஐந்து சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, “தம்பி, இதுல பெல் ஈக்கி, பிரேக் ஈக்கி. மேல ஏறக்கொள்ள ரெண்டும் தேவப்படாது. தள்ளுறதுக்குக் கைதான் வேணும்” என்றார். அவர் சொன்னபடியே பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போனோம்.

என்னோடு நாலு பேர். இரண்டு வாலிபர்கள். மற்ற இருவர் புருஷன் பெண்சாதி. அந்த ஐயாவுக்கு எழுபது வயதை நெருங்கியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். உயரமான, மெலிந்த ஆள். எந்தப் பூவைக் கண்டாலும் உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகத்தில் படம் வரைவார். அந்த அம்மா குடையை ஊன்றிக்கொண்டு நின்று, இவரைக் கட்டியதிலிருந்து தன் ஆயுசில் பாதி இப்படிக் காத்து நின்றே போயிற்று என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

மேல் லயத்தில் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: “என்னண்ணே, தொரமார நீங்க மேய்க்கிறீங்களா, அவங்க ஒங்கள மேய்க்கிறாங்களா?”

“ரெண்டு பேருக்கும் புல்லு இருக்கு தங்கச்சி” என்றேன். அன்று நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஏறத் தொடங்கும் முன் வழக்கமாகச் சொல்வதை எல்லாம் சொன்னேன். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவக்காரச் சோப்பு தேய்க்கச் சொன்னேன். மானாப்புல் கையை அறுக்கும், பிடிக்க வேண்டாம் என்றேன். வழியில் நாங்கள் சாமியாகக் கும்பிடும் முனி கல்லுக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டதால் அல்ல. சொல்ல வேண்டிய காரியம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

லயத்தில் பிறந்த எவருக்கும் அது தெரியும். பனிமூட்டத்திலோ காட்டிலோ ஒருவரைக் கூப்பிட்டால் மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் அது மனுஷர். ஒரு தரமோ இரண்டு தரமோ கூப்பிட்டு நிறுத்தினால் அது வேறு. அதற்குப் பதில் சொன்னவன் திரும்பி வரமாட்டான். நடக்கப் பழகும்போதே இதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு மலையில் நிற்கும் பெண் அடுத்த மலையில் நிற்பவளைக் கூப்பிடுவதைக் கேட்டால் தெரியும், மூன்று தரம் கணக்காக வரும். மூன்றாவதற்குத்தான் பதில் போகும்.

உச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு இறங்கினோம். காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு பாறை. அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஏதோ சின்னப் பூ. ஐயா அங்கே உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வாலிபர்களுக்கு அவசரம். ‘நீங்கள் போங்கள், பாதை கண்ணுக்குத் தெரிகிறது, நான் வந்துவிடுகிறேன்’ என்றார் ஐயா. உண்மையிலேயே அப்போது பாதை கண்ணுக்குத் தெரிந்தது. முனி கல் வரைக்கும், அதற்குக் கீழே லயத்துத் தகரக் கூரை வரைக்கும் தெரிந்தது. மூன்று பேரையும் முனி கல்லில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து அவரைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் செய்தேன்.

நான் திரும்பி ஏறும்போது பசறைப் பக்கமிருந்து பனி வந்து மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. பாதைக்கு வலது பக்கம் ஒரு பள்ளம் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே ஒரு லயம் இருந்தது. ஒரு மழைக்கு மண் சரிந்து அதை ஆட்களோடு மூடிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் தேயிலை வைக்கவில்லை, மானாப்புல் வளர்ந்து கிடக்கிறது. பகலிலும் அங்கே தனியே போகமாட்டார்கள்.

அந்தப் பள்ளத்திலிருந்துதான் குரல் வந்தது.

“ஹலோ” என்று ஒரு தரம்.

நான் நின்றுவிட்டேன். ஐயா மேலே பாறையில் இருக்கிறார், குரல் கீழேயிருந்து வருகிறது. அப்படியென்றால் அது ஐயா இல்லை என்று என் மனம் கணக்குப் போட்டது. வாயில் முருகன் பெயர் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், “ஹலோ?” என்று. இரண்டாவது மெதுவாக இருந்தது. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது போல இருந்தது.

நான் மூன்றாவதற்குக் காத்திருந்தேன்.

வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் இருக்கும். புல்லில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மூன்றாவது வந்தால் இறங்கிப் போவது என்று நின்றேன், சத்தியமாக அப்படித்தான் நின்றேன். அது வரவில்லை. பிறகு அந்தப் பள்ளத்துப் பக்கம் திரும்பாமல் மேலே ஏறிப் போனேன்.

பாறையில் அவருடைய பை மட்டும் இருந்தது. அங்கே நின்று நான் கூப்பிட்டேன். மூன்று தரம், முறைப்படி. பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கும்போது பனியில் பாதை தப்பி அந்தப் பள்ளத்துப் பக்கம் போயிருக்கிறார். கீழேயிருந்து கூப்பிட்டது அவர்தான்.

ஓடிப்போய் லயத்தில் சொன்னேன். கங்காணியும் ஏழெட்டு ஆட்களும் கயிறு, கத்தியோடு வந்தார்கள். பொழுது சாயும் முன்பே கண்டுபிடித்துவிட்டோம். பழைய லயத்துத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தார். உயிர் இல்லை. பக்கத்தில் புல் பிடுங்கப்பட்டிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா குனிந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

“கால் ஒடஞ்சிருக்கு. தலையிலயும் அடி. ஆனா ஒடனே போன உசுரு இல்ல இது. கொஞ்ச நேரம் இருந்திருக்காரு. நீ சத்தம் ஏதும் கேட்டியா?”

“இல்லீங்க ஐயா.”

முதல் பொய் அது. பொலிசிலும் அதையே சொன்னேன். அதைவிடப் பெரிய பொய்யை அடுத்த நாள் சொன்னேன். கெஸ்ட் ஹவுஸில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னை எதிரே உட்காரச் சொன்னார். அதுவரை எந்த விருந்தாளிக்கு முன்னாலும் நான் உட்கார்ந்ததில்லை. ‘நீ திரும்பிப் போனபோது அவர் கூப்பிட்டாரா?’ என்று இங்கிலீசில் கேட்டார். அந்தக் கேள்வியில் என்மேல் குற்றம் எதையும் அவர் ஒளித்து வைக்கவில்லை. ஐயா வலியில் கிடந்தாரா, தனியாகக் கிடந்தாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“நோ மேடம்” என்றேன். உடனே போயிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்தக் கையைக் கழுவினேனா, துடைத்தேனா, ஒன்றும் ஞாபகமில்லை.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னேன். “நம்மாளுக யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க, நீங்க ஒன்னும் வேணும்னு செய்யல” என்றாள் என் மனைவி. கதிர்காமத்துக்கு நடந்து போனேன், அலகு குத்தினேன். மனம் ஆறவில்லை. எனக்குள்ளேயே ஒரு கேள்வி நின்றது. அது அவர் குரல் என்று எனக்கு அப்போதே தெரியுமா? பேய் இங்கிலீசில் ஏன் கூப்பிட வேண்டும்? பாதி தெரிந்திருந்தது. மற்றப் பாதிக்குப் பயந்து நின்றேன். சாமிக்கு முன்னால் இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சில வருஷம் கழித்து, என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள். “பேயின்னே வச்சுக்கோங்க. ஒரு தரம் என்னான்னு கேட்டிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்?” அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அந்த நாளிலிருந்து இன்றுவரை, யார் என்னை ஒரு தரம் கூப்பிட்டாலும் எழுந்து போய்விடுவேன். தட்டில் சோறு இருந்தாலும் போவேன். பல நேரம் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். “அப்பா, யாரும் கூப்பிடல, ஒக்காருங்க” என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்குத் தெளிவாகக் கேட்கும். அந்த இரண்டாவது குரல், மெதுவாக. பனி இறங்கும் மாதங்களில் அடிக்கடி கேட்கும். வெறும் ரோட்டைப் பார்த்து “வாரேன்” என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவேன். அதைச் சொன்னால்தான் அது ஓயும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். அந்த இடத்துக்குக் கூட்டிப் போ என்றார். இந்தத் தரம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். மேல் லயம்வரை காரில் போய், அங்கிருந்து மெல்ல நடந்தோம். வெயில் நாள். பள்ளத்தின் விளிம்பில் அவர் நெடுநேரம் நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் பேசிவிட்டார். இத்தனை வருஷமும் ஒரே ஒரு விஷயம்தான் தனக்குத் தூக்கம் கொடுத்தது என்றார். ஐயா கூப்பிடவில்லை, கஷ்டப்படவில்லை என்பது. ‘நீ சொன்னது அது’ என்றார்.

என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அதனால்தான் பேசாமலிருந்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. இரண்டும் இருந்தது.

போன வருஷம் அவருடைய மகளிடமிருந்து கெஸ்ட் ஹவுஸ் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா அமைதியாகப் போய்விட்டார் என்று எழுதியிருந்தது. அதே மாதம் பசறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு இளம் கைட் இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தான். நமுனுகுலயில் ஒரு துரையின் ஆவி உண்டு, பனியில் ஒரே ஒரு தரம் ஹலோ என்று கூப்பிடும், பதில் சொன்னால் பள்ளத்துக்குள் இழுத்துவிடும் என்றான். அவர்கள் ரசித்துக் கேட்டார்கள். தம்பி, அப்படி இல்லை என்று சொல்லப் போனேன். கை நீட்டி முன் சீட்டுக் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

பூ வரைந்துகொண்டிருந்த ஒரு நல்ல மனுஷரை நான் சாகவிட்டேன். என் வாயை மூடி வைத்ததால் ஊர் அவரைப் பேயாகவும் ஆக்கிவிட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வாசிக்கிறவர்கள் இதை யாருக்காவது சொல்ல வேண்டும். மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அங்கே ஆவி கிடையாது. கால் ஒடிந்த ஒருவர் இருந்தார், அவர் குரலைக் கேட்ட ஒருவன் இருந்தான். என்மேல் இரக்கப்பட்டு, குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டாம், கேட்டது. கதை நன்றாக இருக்க வேண்டுமென்று அவர் மூன்று தரம் கூப்பிட்டார் என்றும் சொல்ல வேண்டாம். இரண்டு தரம் கூப்பிட்டார். அதை அப்படியே சொல்லுங்கள்.