குடும்பத்தில் ஒருவன்

காலை மீட்டிங்கில் மேனேஜர் சொன்னார்: "கஸ்டமரைக் குடும்பமா நினைக்கிறவன்தான் லீடர்."

தூக்கக் கலக்கத்தில் கை தட்டினோம்.

சர்வீஸ் சென்டர் கதவைத் திறந்ததும் ஒரு அம்மா வந்தார். ரிப்பேர் செய்த ஃப்ரிட்ஜ் மறுபடியும் நின்றுவிட்டதாம். தெலுங்கில் திட்டினார். ஆனால் மரியாதை குறையாமல், 'மீரு, மீரு' என்று 'நீங்க' போட்டே திட்டினார். நானும் தெலுங்கிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் அவருக்கு போன் வந்தது. "மாவெல்லாம் பொங்கி ஊத்திக்கினு கீது நைனா. இங்கதான் சண்ட போட்டுக்கினு கீறேன்."

எல்லையோரத்து நம்ம ஊர்த் தமிழ்! வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, நகரியா? நானும் நகரிதான்."

கோபம் தணியும் என்று நினைத்தேன்.

"நம்மூர் புள்ளயாடா நீ? நீ இருந்துமா இப்டி பண்ணிக்கினு கீறாங்க?"

திட்டு முதலிலிருந்து தொடங்கியது, இந்த முறை தமிழில். என் அப்பா பெயரைக் கேட்டார். அவரைத் தெரியுமாம்.

"ஞாயித்துக்கெழம நீயே வந்து பாரு. வரல, உங்க நைனாகிட்ட சொல்லிடுவேன்."

நான் கவுண்டரில் புகார் பதிகிறவன். ஃப்ரிட்ஜைத் திறக்கவும் மூடவும் மட்டுமே தெரியும்.

கஸ்டமரும் நம்மைக் குடும்பமாக நினைத்துவிட்டால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மேனேஜர் அதைச் சொல்லித்தரவில்லை.