அன்பளிப்புச் சட்டைக்கு ஒற்றைத் தையல்

அன்று தையல் கூடத்தில் இருந்தவர்கள் மேஸ்திரி, காஜா எடுக்கும் அண்ணாச்சி, அகதி முகாமிலிருந்து வேலைக்கு வரும் இலங்கைப் பெண், அப்புறம் நான். புதியம்புத்தூரில் அது ஒரு சின்னக் கம்பெனி.

இலங்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நம் நாடு அன்பளிப்பாகக் கொடுக்கும் வெள்ளைச் சட்டைகளை அந்தக் கம்பெனியில் தைத்தோம். சட்டைப் பையின் மேல் நம் கொடி போட்ட லேபிள் வரும். லேபிளைச் சுற்றி இரட்டைத் தையல் போடச் சொன்னார் மேஸ்திரி. கக்கத்துக்கு ஒற்றைத் தையல் போதும் என்றார்.

அந்தப் பெண் ஒரு சட்டையை எடுத்துக் கக்கத்தில் இழுத்துப் பார்த்தாள். தையல் பிரிந்துவிட்டது.

“அக்கா, மன்னாரில என்ட அண்ணன்ட மகளுக்கும் இதைத்தான் குடுப்பினம். கக்கத்துக்கும் ரெண்டு தையல் போடுவமே?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஏட்டி, ஓசியில வாங்குதவியளுக்கு இதுல நொட்டம் வேறயா?” என்றேன்.

“லேபிளு கிழியாதுல்லா, அது போதும்” என்றார் அண்ணாச்சி. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

போன வருசம் என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவசச் சட்டை ஒரே மாதத்தில் கிழிந்தது. தைத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று ஏசியவள் நான். சிரிக்கும்போதே அது ஞாபகம் வந்தது. ஆனாலும் லேபிளைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாப்பாட்டு நேரத்திலும் எழுந்திருக்காமல் கக்கத்தை மறுபடி தைத்தாள். நானும் அவளோடு உட்கார்ந்து தைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் முடிந்திருக்கும். நான் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் வேன் வந்தது. ஏற்றியது ஆயிரத்து இருநூறு சட்டை. அவள் மறுபடி தைத்தது நாற்பத்தொன்று.