கோலம் என்று நான் நினைத்த கோடு

காரைக்குடியில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். இடிக்கப்போகிற வீடுகளிலிருந்து தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் அலுங்காமல் கழற்றி வருவேன். யார் வாங்குகிறார்களோ அவர்கள் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியும் தருவேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் இரண்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தேன், நன்றாகப் பதியட்டுமே என்று.

கடை முதலாளியை எல்லோரும் பாய் என்போம். போன வருஷம் ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"சிங்கப்பூர் போறியாடா?"

"அங்க யாரு வீட்டப் பிரிக்கணும் பாய்?"

"பிரிக்க இல்லடா. அமராவதிபுதூர் வீட்டு நிலைக்கதவ வாங்குனாகள்ல ஒரு ஆச்சி, அவுக அங்க சாப்பாட்டுக் கடை போடுறாக. அங்குட்டு இருக்கற ஆளுகளுக்குக் குடுமிக் கதவு மாட்டத் தெரியலையாம். நீ போயி நிறுத்திக் குடுத்துட்டு வா. ஒண்ணு மட்டும் சொல்றேன், போற எடத்துல வாயை மூடிக்கிட்டு இரு."

குடுமிக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவு மரத்திலேயே மேலும் கீழும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுற்றும். அதை மாட்டத்தான் எனக்குத் தெரியும். அதைத் தவிர எதுவும் தெரியாது என்பது சிங்கப்பூர் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கதவு தூத்துக்குடியிலிருந்து கப்பலில் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஆச்சி என்றதும் வயதானவர் என்று நினைத்திருந்தேன். விமான நிலையத்தில் பேண்ட் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். பிறந்தது முதல் அங்கே.

"ஆச்சின்னு கூப்பிடாதீகண்ணே, எம் பிள்ளைக சிரிக்கும்" என்றாள்.

"சிரிக்கட்டும் ஆச்சி. வந்ததுக்கு அந்த வேலையாவது ஒழுங்காச் செய்யறேன்."

கடை நாலாவது மாடியில். ஜன்னலில் நின்றால் துறைமுகம் தெரியும். கப்பல் பெட்டிகளைச் சந்தையில் தக்காளிக் கூடை அடுக்குவதுபோல் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கப்பல் நகர்ந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்துவிடுகிறது, பழைய பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி மாதிரி. நாங்கள் நின்ற இடமே ஒருகாலத்தில் கடலாம். மண்ணைக் கொட்டித் தரையாக்கினார்களாம். கண்மாய்க்குள் பிளாட் போடும் நம்மூர்ப் பெரிய மனிதர்கள் இதைப் பார்த்தால் குருவே என்று காலில் விழுந்துவிடுவார்கள்.

"இங்க அடிக்கணக்குல வாடகைண்ணே" என்றாள் ஆச்சி. "பேங்க் வேலைய விட்டுட்டு இதுல எறங்கியிருக்கேன். வேலை நடக்கறவரைக்கும் கட்டடத்துக்காரங்க வாடகை கேக்க மாட்டாங்க. ஒண்ணாந்தேதியில இருந்து கடை தொறந்தாலும் தொறக்காட்டியும் குடுத்தாகணும். அதுக்குள்ள அதிகாரி வந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் அடுப்பே பத்த வைக்கலாம். ஒரு மாசம் தள்ளுனா நான் தாங்க மாட்டேன்."

சமையல்காரர்கள் வந்துவிட்டார்கள். அரிசி மூட்டை வந்துவிட்டது. வாழையிலைக்குச் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தது கதவும் நானும்தான்.

கட்டட வேலை எடுத்தவர் என் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார். முதலில் தலைகீழாகப் பிடித்தேன். அவர் திருப்பிக் கொடுத்தார். வாசல் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். வாசலுக்கு வெளியே, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு வளைந்த கோடுகள், அழகாக, பிறைபோல இருந்தன.

"பரவாயில்லையே ஆச்சி, கோலம் போடக்கூட எடம் விட்டுருக்காக!"

அவள் போனில் யாரிடமோ காய்கறி விலை பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினாள்.

நிலையை நிறுத்தினோம். கீழ்ப்படி யார் காலையும் தட்டாமல் இருக்கத் தரைக்குள் இறக்கிவிட்டார்கள். மஞ்சள் குங்குமம் வைத்தேன். சூடத்தை எடுத்ததும் ஆச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அண்ணே, கொளுத்திராதீக! மேல ஒரு பொட்டி இருக்குல்ல, அது புகைய மோப்பம் புடிச்சா கட்டடம் பூரா மணி அடிக்கும்."

சாமிக்குச் சூடத்தைக் காட்டினேன். கொளுத்தவில்லை, சும்மா காட்டினேன். பிறகு கதவுகளை மாட்டி, குடுமிக்கு எண்ணெய் விட்டேன். அத்தனை கனமான தேக்கு, சுண்டுவிரலால் தொட்டால் உள்ளே திறந்தது. என் வாழ்நாளில் நான் மாட்டியதிலேயே அவ்வளவு லேசாகச் சுற்றிய கதவு வேறு இல்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று பக்கத்திலேயே நின்றேன்.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர், என்னிடமும் கைகுலுக்கினார். கதவைத் தள்ளினார். உள்ளே போனார். கதவைச் சாத்தி, உள்ளே இருந்து வெளியே தள்ளினார். கதவு அசையவில்லை. ஆச்சியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஆச்சியின் முகம் வெளுத்தது.

"அண்ணே, கதவ ஏன் உள்ள தொறக்கற மாதிரி மாட்டுனீக?"

"கதவு உள்ளதானே தொறக்கும் ஆச்சி? வாரவுக மூஞ்சியில அடிக்கற மாதிரி யாராச்சும் வெளிய தொறப்பாகளா?"

"தீப்புடிச்சா கூட்டம் பூரா வாசலுக்கு ஓடிவரும். முட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துல உள்ள இழுத்துத் தொறக்க முடியுமா? வெளியதான் தொறக்கணுமாம். படத்துல போட்டுருந்துச்சே, வெளிய ரெண்டு வளைவு. கதவு போற பாதை அது."

"அது கோலம்ல?"

அதிகாரிக்கு அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.

அவர் போன பிறகு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஒண்ணாந்தேதி கிட்டத்தில் இருந்தது. வெளியே திறக்க வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். குழி உள்பக்கம் வெட்டியிருக்கிறது, நிலையையே திருப்பி வைத்தால்தான் ஆகும். திருப்பினால் நிலைக்கு மேலே செதுக்கியிருக்கிற லட்சுமி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டுவாள். சுவரையும் இடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தலை குனிந்துகொண்டே போனது. எனக்குக் கிறுக்குப் பிடித்ததுபோல் இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாயில் வருவது தமாஷ் ஒன்றுதான்.

"பேசாம கதவச் சாத்தவே மாட்டோம்னு சொல்லிப்புடுங்க ஆச்சி. நம்மூர்ல பகல்ல தலைவாசலச் சாத்தியிருந்தா என்ன அர்த்தம்? ஒண்ணு ஊருல ஆளு இல்ல, இல்லாட்டி கடன்காரன் வாரான்."

அவள் சிரிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். "ராத்திரிக்குத்தான் கட்டடத்தோட ஷட்டர் இருக்கே" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெகுநேரம் பேசினாள். நான் அரிசி மூட்டையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்து சொன்னாள்: "அதிகாரி ஒத்துக்கிட்டாருண்ணே. ஆனா சும்மா தொறந்து வச்சாப் பத்தாதாம். யாரு நெனச்சாலும் சாத்த முடியாதபடி செவத்தோட முடுக்கிரணும்."

நானே முடுக்கினேன். சுண்டுவிரலுக்குச் சுற்றிய கதவில் துளை போட்டு, திருகாணியைச் சுவர்வரைக்கும் இறக்கினேன். தேக்குத் தூள் மூக்கில் ஏறியது. நல்ல வாசனை.

"சங்கடமா இருக்காண்ணே?"

"சங்கடம் என்ன ஆச்சி. கதவு மாட்டப் போனவன் அதுக்கு ஆணி அடிச்சுட்டு வந்தான்னு தெரிஞ்சா, பாய் சம்பளத்துல பாதியத் திருப்பிக் கேப்பாரு."

இந்தத் தடவை சிரித்தாள். அதிகாரி மறுபடி வந்து, இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கட்டைவிரலை உயர்த்தினார். ஒரு கதவு அசையாததற்கு நான் பாராட்டு வாங்கியது அன்றுதான்.

ஒண்ணாந்தேதி மத்தியானம் அடுப்பு எரிந்தது. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒரு கூட்டம் முதலில் வந்தது. ஆளுக்கு ஒரு தரம் கதவைத் தடவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார்கள். சீக்கிரமே இடமில்லை. ஆச்சி எனக்கு இலை போடச் சொன்னாள், ஆனால் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். கோழிக்குழம்பு நன்றாக இருந்தது.

ஊர் திரும்பி, காரைக்குடிப் பக்கம் மானகிரியில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து பையை இறக்கிவைத்ததும் என் வீட்டுக்காரி கேட்டாள்.

"அம்புட்டுத் தூரம் போனீகளே, என்ன வேல செஞ்சீக?"

"ஒரு கதவத் தொறந்து வச்சுட்டு வந்தேன்."

"அதுக்கா பிளேன்ல போனீக? இங்க கொல்லக் கதவு மழையில ஊதிப்போயி சாத்த மாட்டேங்குது. நாய் உள்ள வருது. அதைப் பாருங்க மொதல்ல."